காம்பு கிள்ளிய ரோசாக்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுதும் பக்கம் ஒன்றை நமது சஞ்சிகை தொடங்கியிருக்கிறது. என்னிடம் கேட்கப்பட்டது எளிமையான விடயம்: கடையில் வாங்கும் ரோசாப் பூக்களை வீட்டில் கூடிய நாட்களுக்கு வாடாமல் வைத்திருப்பது எப்படி? லண்டன் இல்ஃபோர்டில் ஒரே பூக்கடையில் இத்தனை வருடம் நின்றவனுக்கு அதை ஒரு பிற்பகலில் எழுதி முடித்திருக்க வேண்டும். பல தடவை தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர், கத்தி என்று எழுதிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

நிற்பதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மகள் நிலானிக்கு இருபத்தொரு வயது. இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அவள் ஒரு மனநல வார்டில் இருக்கிறாள். ஒரு காலையில் அவளை நாங்கள் இழந்துபோயிருப்போம். அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. அவள் திரும்பவும் எங்களிடம் வருவாளா என்பது ஒன்றுதான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் கேள்வி. ரோசாவைப் பற்றி நான் அறிந்ததையெல்லாம் கடைசியாக அந்த வார்டில்தான் செய்து பார்த்தேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது நான் எழுதியதாக இருக்காது.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவன் நான். பல்கலைக்கழக அனுமதி வந்தது, போகக் கிடைக்கவில்லை. லண்டனில் முதலில் பெற்றோல் நிலையம், பிறகு பூக்களைப் பெட்டியில் அடுக்கும் ஒரு கொட்டகை. அங்கிருந்து மோரீன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் பூக்கடைக்கு வந்து சேர்ந்தேன். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கோடையிலும் கம்பளிச் சட்டைதான், ஏனென்றால் கடையை எப்போதும் குளிராகவே வைத்திருப்பார். பூவுக்கு எது சுகமோ அதுதான் ஆட்களுக்கும் என்பது அவர் சட்டம்.

முதல் கிழமை அவர் என் கையில் பூவைத் தரவேயில்லை. வாளிகளைத்தான் தந்தார். பிளீச் போட்டுத் தேய்த்து, மணம் போகும்வரை அலசி, கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாளிக்குள்ளும் முகத்தை விட்டு முகர்வார். "சிவா, இதில் ஊற்றிய தண்ணீரை நீ குடிப்பாயா?" என்று கேட்பார். நான் பதில் சொல்லத் தாமதித்தால் வாளி திரும்பக் குழாயடிக்குப் போகும். ரோசா வாடுவது வயதால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தாகத்தால் வாடுகிறது. தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் தலைமயிரை விட மெல்லியவை. ஊத்தைத் தண்ணீரில் பெருகும் கிருமிகள் அந்தக் குழாய்களின் வாயை அடைத்துவிடும். சாடி நிறையத் தண்ணீர் இருக்க, பூ தாகத்தில் செத்துப்போகும்.

வெட்டுவதற்கு வந்தபோதும் அவர் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. நான் பிழையாக வெட்டிய தண்டை வாளியிலிருந்து எடுப்பார், அடியில் ஓர் அங்குலம் திரும்ப வெட்டுவார், வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏச்சும் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. அந்த முதல் மாதங்களில் என் வாளியில் இருந்த ரோசாக்கள் எல்லாம் அவருடையவற்றை விடக் குட்டை. வாடிக்கையாளர்கள் அதை வேறு ரகம் என்று நினைத்து வாங்கிப் போனார்கள்.

பார்த்துப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், கூரான கத்தி வேண்டும். சரிவாக வெட்ட வேண்டும். இயன்றால் தண்ணீருக்குள் பிடித்தபடியே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவாயால் காற்று புகுந்து குழாயை அடைக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது, அழுகும். முள்ளைச் சுரண்டிக் காயப்படுத்தக் கூடாது. வெளியில் இருக்கும் தடித்த, கன்றிப்போன இதழ்களை மெதுவாகக் கழற்றலாம். அவை உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தான் இருந்தவை, அவற்றின் வேலை முடிந்துவிட்டது. பூவுக்கு உணவாகக் கடையில் தரும் சிறு பொட்டலத் தூளைச் சொன்ன அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரைவாசியைப் போட்டால் பூவை விடக் கிருமிக்குத்தான் சாப்பாடு. அஸ்பிரின், செப்புக் காசு, லெமனேட் எல்லாவற்றையும் தண்ணீரில் போடலாம் என்று வாடிக்கையாளர்கள் வந்து சொல்வார்கள். மோரீன் மரியாதையாகத் தலையாட்டுவார், அவர்கள் போனபின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றித் தண்டைத் திரும்பவும் கொஞ்சம் வெட்டுங்கள், ரேடியேட்டருக்கும் வெயில் படும் யன்னலுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பார். எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் மட்டும் ஒருநாளும் எண்ணிக்கை சொல்ல மாட்டார். அது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பொறுத்தது, பூவையும் பொறுத்தது என்பதுதான் பதில்.

அவருடைய கைத்திறனை நான் முழுதாகக் கண்டது கழுத்துச் சாய்ந்த ரோசாக்களில். மொட்டு விரியாமலே தலை கவிழ்ந்து தொங்கும். மற்றக் கடைகளில் அப்படியே எறிந்துவிடுவார்கள். மோரீன் அவற்றைத் திரும்ப வெட்டி, கழுத்தை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கட்டாகச் சேர்த்துப் பத்திரிகைத் தாளால் இறுக்கிச் சுற்றுவார். கழுத்துவரை தண்ணீருள்ள வாளியில் இறக்கிப் பின்னறை இருட்டில் வைப்பார். நான் இடையிடையே போய்த் தாளை விலக்கிப் பார்ப்பேன். ஒருநாள் பின்னால் வந்து நின்று, "நீ பார்ப்பதால் அது கூடுதலாகக் குடிக்கப் போவதில்லை" என்றார். கடை பூட்டும் நேரம் தாளைப் பிரிக்கையில் பாதிக்கு மேற்பட்டவை நிமிர்ந்து நிற்கும். மற்றவை நிமிராது. ஏன் இது நிமிர்ந்தது, ஏன் அது நிமிரவில்லை என்று கேட்டேன். தெரியாது என்றார். அத்தனை அனுபவமுள்ள ஒருவர் அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சனம் கடைக்கு வரும். முதலில் வந்தவர் பக்கத்துச் செவன் கிங்ஸில் இருந்த மணி அன்ரி. நீளத் தண்டுள்ள சிவப்பு ரோசாக்களில் ஒரு கட்டை எடுத்து, வெட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கைச்சைகையால் கேட்டார். மோரீனுக்குச் சந்தோசம், இந்த அம்மாவுக்குப் பூவைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று. தன் சொந்தக் கத்தியையே கொடுத்தார். அன்ரி அந்த இடத்திலேயே ஒவ்வொரு பூவாகக் கழுத்தோடு நறுக்கித் தலைகளைப் பைக்குள் போட்டார். தண்டுகளை மேசையில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

"அன்ரி, இதை விட்டிட்டுப் போறியள்" என்றேன்.

"தடியை வைச்சு நான் என்ன செய்யிறது தம்பி? சாமிக்குத் தடியோ வைக்கிறது?"

அவர் போனபின் மோரீன் அந்தத் தண்டுகளைப் பார்த்தபடி நின்றார். தான் அந்த அம்மாவுக்கு என்ன பிழை செய்துவிட்டேன் என்று என்னைக் கேட்டார். தன்மேல் ஏதோ கோபம் காட்டிவிட்டுப் போகிறார் என்றே நினைத்திருக்கிறார். கடவுளுக்குப் பூவின் தலை மட்டும்தான் வைப்பது, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுவது என்று விளக்கினேன். காசெல்லாம் தண்டின் நீளத்துக்குத்தான், அதை அவரிடம் சொல் என்றார். அடுத்த வெள்ளி மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்ப தடிக் காசைக் கழிச்சுப்போட்டுத் தரச் சொல்லும்" என்றார் அன்ரி.

அதையும் மொழிபெயர்த்தேன். மோரீன் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். அதற்குப் பிறகு தண்டு முறிந்துபோன ரோசாத் தலைகளை ஒரு தட்டில் சேர்த்து வெள்ளிக்கிழமைகளுக்கென்று வைப்பார். ஆனால் யாராவது நல்ல பூவைக் கழுத்தோடு நறுக்கும்போது பின்னறைக்குப் போய்விடுவார்.

நானும் மோரீனின் கட்சி ஆகிவிட்டேன். வீட்டில் என் மனைவி வசந்தா சாமியறைக்குப் பூக் கிள்ளினால் எனக்குத் தாங்காது. சாடியில் இருக்கும் ரோசாக்களைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தேன். அவள் சாமிக்கு வேறாக வாங்குவாள். ஒரே வீட்டில் இரண்டு வகை ரோசா, இத்தனை வருடமாக.

மோரீன் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். கடை கைமாறியது. இப்போது ரோசாக்கள் தட்டையான அட்டைப் பெட்டியில், தண்ணீரே இல்லாமல், கதவிலுள்ள கடிதத் துவாரத்தால் வீடுகளுக்குப் போகின்றன. நான் வேலையை விட்டதற்கு அதுதான் காரணம் என்று உடன் வேலை செய்தவர்கள் நினைக்கிறார்கள். மணிக்கட்டு வருத்தம் என்று முகாமையாளரிடம் சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் வார்டில் பார்வையாளர் நேரம் பிற்பகல், என் ஷிப்டும் பிற்பகல்.

நிலானி இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மேல்மாடி அறையில் படுத்தபடியே இருந்தாள். உறவினர்களுக்குப் படிப்பிலிருந்து ஒரு வருடம் ஓய்வு எடுத்திருக்கிறாள் என்று சொன்னோம். நாங்கள் அதையே ஒருவருக்கொருவரும் சொல்லிக்கொண்டோம். பிறகு அந்தக் காலை வந்தது. பிறகு வார்டு.

முதல் நாள் பார்க்கப் போனபோது ரோசாக்களோடு போனேன். ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். வருத்தக்காரர் வீட்டுக்குப் பழமோ ஹோர்லிக்ஸ் போத்தலோ இல்லாமல் படியேறியதில்லை. எனக்கு அது பூ. கடையிலேயே மிகத் திறமான வெளிர் மஞ்சள் ரோசாக்களைத் தெரிந்தெடுத்து, முறைப்படி வெட்டி, தண்ணீர் குடிக்கவைத்து, ஒரு கண்ணாடிச் சாடியும் தூளும் கொண்டு போனேன்.

இரண்டு கதவுகள், இரண்டுமே பூட்டியவை. அவற்றுக்கு நடுவே பைகளைச் சோதிக்கும் மேசை. அங்கே தமிழர் யாரும் இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயமெல்லாம். வசந்தாவிடம் பையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் நின்ற தாதி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தமிழா சார்?"

என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியாது. குரலைத் தாழ்த்தி, "இங்க நடக்கிறது இங்கயே இருக்கும் சார். நான் நாகர்கோவில். உங்க ஆளுங்க யாரையும் எனக்குத் தெரியாது" என்றார். அவர் பெயர் ஜெசிந்தா.

பிறகு மேசையில் நான் வைத்ததை ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினார். கண்ணாடி விட முடியாது. ரிபன் விட முடியாது. பூவைச் சுற்றிய பொலித்தீன் விட முடியாது. கட்டியிருந்த கம்பி விட முடியாது. தூள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதையும் ஒதுக்கினார். முள் இருக்கும் தண்டு கூடாது. முள்ளை எடுத்துவிட்டுக் கொண்டு வந்தால் என்று கேட்டேன். நீளத் தண்டே வேண்டாம் என்று இருக்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் "சாரி சார்" என்றார். அந்த மேசையில் என் தொழில் முழுவதும் வலப்பக்கம் கிடந்தது, இடப்பக்கம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பொருளும் ஏன் ஆகாது என்று எனக்கு விளங்கியது. அப்படி விளங்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளை இருக்கும் அறையில் ஒரு ரிபன்கூட இருக்கக்கூடாது.

"பூ மட்டும்னா பரவாயில்ல சார்" என்றார் ஜெசிந்தா.

உள்ளே நிலானி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவருகே கதிரையில் ஒருவர் அவளைப் பார்த்தபடி இருந்தார். இரவு பகலாக யாராவது அப்படி இருப்பார்களாம். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியும், திரும்பவில்லை. வசந்தா அவள் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நேரம் முடிய வெளியே வந்து, மேசையில் கிடந்த ரோசாக்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா அவற்றைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "இஞ்சருங்கோ" என்றாள். "தலையைக் கிள்ளிக்கொண்டு போவம்."

"அது நிக்காது."

"நிண்டமட்டும் நிக்கட்டுமன்."

அன்று அந்தப் பூக்களின் கழுத்தை என் கையாலேயே வெட்டினேன். அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. ஒரு விரற்கணு அளவு காம்பு விட்டு, தண்ணீருக்குள் பிடித்து வெட்டினேன். சாப்பாட்டுக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்ரிக் கிண்ணம் ஒன்றைப் பிளீச் போட்டுக் கழுவி, மணம் போகும்வரை அலசினேன். மூடியில் துளைகள் போட்டேன். காம்பு துளையால் கீழே தண்ணீரில் நிற்கும், இதழ் மூடிக்கு மேலே ஈரம் படாமல் இருக்கும். வெறுமனே மிதக்கவிட்டால் அடி இதழ்கள் நனைந்து அழுகிவிடும் என்பது எனக்குத் தெரியும், சாமித் தட்டில் எத்தனை தரம் பார்த்து மனதுக்குள் குறை சொல்லியிருப்பேன். தூள் ஆகாதென்றபடியால் கொதித்தாறிய தண்ணீர் மட்டும்.

அடுத்த நாள் ஜெசிந்தா கிண்ணத்தைத் தூக்கிக் கீழே பார்த்தார், மூடியை அமத்திப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தார். "பாஸ் சார்" என்றார். நிலானியின் கட்டில் பக்கத்து அலுமாரியில் வைத்தேன்.

அந்த ரோசாக்கள் நின்றன. சாடியில் நீளத் தண்டோடு நிற்பதை விடக் கூடுதலான நாட்கள் நின்றன. உயிரியல் படித்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. தண்ணீர் ஏற வேண்டிய தூரம் ஒரு விரற்கணு, இடையில் அடைபடுவதற்கு இடமில்லை. வீட்டில் ரோசாவை நெடுநாள் வைத்திருக்க விரும்புபவர்களுக்கு நான் தரக்கூடிய சிறந்த முறை இதுதான். இதை எழுதும்போதே என் கை கூசுகிறது.

தினமும் தண்ணீரை மாற்றினேன். வீட்டில் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொண்டு போனேன். கோயிலில் அர்ச்சனை செய்த கதலிப்பழச் சீப்பை வசந்தா கொண்டுவந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதை எடுத்து யன்னல் ஓரத்துக்கு மாற்றினேன். பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு பூவை வயதாக்கும் என்று கிசுகிசுத்தேன்.

"கோயில் பழத்திலையும் பிழை கண்டுபிடிச்சிட்டியள்" என்றாள் அவள்.

"பழத்திலை பிழை இல்லை. வைச்ச இடம்தான்."

"பிள்ளை எட்டி எடுக்கிற இடத்திலை வைச்சன். பூவுக்கு இடம், பழத்துக்கு இடமில்லை."

நிலானி கண்ணை மூடிக்கொண்டாள். கதவருகே இருந்தவர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது குறைந்து அலுமாரிப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினாள். பூவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தாதிமார் சொன்னார்கள். அதைக் கேட்டு வசந்தா பஸ் தரிப்பில் நின்று அழுதாள், நல்ல அழுகை. எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. பூ இன்றைக்கும் நிற்கிறது என்றால் அவளும் இன்றைக்கு ஒரு படி நல்லம். இதழ் ஓரம் கறுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்ட பின்தான் கதிரையில் இருப்பேன். வைத்தியரோடு ஒரு கூட்டம் வைத்தார்கள். எப்போது சுகமாகும் என்று கேட்டேன். அது பல விடயங்களைப் பொறுத்தது, எண்ணிக்கை சொல்வது நியாயமாக இராது என்றார். அந்தப் பதிலின் உள்ளும் புறமும் எனக்குத் தெரியும். நானே ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில். மேசைக்கு மற்றப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டவர்கள் எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று அன்றுதான் யோசித்தேன்.

ஒருநாள் வசந்தாவுக்குப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை, நான் தனியே போனேன். தண்ணீரை மாற்றிக் கிண்ணத்தை வைத்தேன். ஒரு பூவின் இடப்பக்கம் கறுத்திருந்தது. இரண்டு இதழைக் கழற்றி, நல்ல பக்கம் அவளுக்குத் தெரியும்படி பூவைத் திருப்பி வைத்தேன்.

"டோன்ட் டேர்ன் இற்" என்றாள், அதைத் திருப்ப வேண்டாம் என்று.

வார்டுக்கு வந்தபின் என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை. நான் கையை எடுத்தேன். அவள் என்னோடு எப்போதும் ஆங்கிலம்தான், அப்பா என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் வரும். அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

"ஏன் அப்பா அதைச் சாக விடுறீங்கள் இல்லை?"

கதவருகே இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரல் மாறியதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிகுதியை ஆங்கிலத்தில் சொன்னாள். காலையில் கண் விழிக்கும்போது நேற்றை விட அது இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும். வருபவர்கள் எல்லோரும் இன்னும் நல்லாக இருக்கிறதே என்கிறார்கள். நல்லாக இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் நாள் முழுக்க இதற்கு முன்னால் படுத்திருக்கிறேன். நீங்கள் எவ்வளவு நாளுக்கு இழுக்கிறீர்களோ அவ்வளவு நாளுக்கு நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படிச் சொன்னாள். சத்தம் போடவில்லை. பிறகு திரும்பவும் தமிழுக்கு வந்தாள்.

"உள்ள வந்தவுடனை நீங்கள் முதல் அதைத்தான் பாக்கிறீங்கள். பிறகுதான் என்னை."

அது உண்மை.

"சரி பிள்ளை" என்றேன். "அப்ப என்ன கொண்டு வர?"

"ஒண்டும் வேண்டாம்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேசையடியில் ஜெசிந்தா பார்த்துவிட்டார். "ஏன் சார், இன்னும் நல்லாத்தானே இருக்கு?"

"ஓம். நல்லாத்தான் இருக்கு."

மருத்துவமனை வாசல் குப்பைத் தொட்டியில் அவற்றைக் கொட்டினேன். தொழில் பார்வையில் பார்த்தால் இன்னும் நிற்கக்கூடிய பூக்கள். வெறும் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வசந்தா அதை வாங்கினாள். கழுவி, மற்றக் கிண்ணங்களோடு கவிழ்த்து வைத்தாள்.

இப்போது வெறுங்கையோடு போகிறேன். சோதனை மேசையில் பை இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை என்று இரண்டு கையையும் காட்டுவேன். உள்ளே போய்க் கதிரையில் இருப்பேன். இத்தனை வருடத்தில் என் கைகள் எதையாவது பிடித்திருந்தன: கத்தி, தண்டு, நனைந்த தாள். இப்போது அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொள்கிறேன். பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறொன்றும் அந்த அறையில் இல்லை. அவள் மெலிந்துபோயிருக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது. தலைமயிர் பின்பக்கம் சிக்குப் பிடித்திருக்கிறது. கிண்ணம் இருந்த நாட்களில் இதையெல்லாம் நான் காணவேயில்லை.

அவள் தேறி வருகிறாள் என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். கொஞ்ச நாளாகக் கதவருகே இருந்த ஆளை எடுத்திருந்தார்கள். போன கிழமை திரும்பவும் இருத்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டோம். முதல்நாள் இரவு அவளுக்குக் கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். மருந்தை மாற்றியிருக்கிறார்கள், அதனால் பெரும்பாலும் நித்திரை. வசந்தா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், பிறகு திரும்பவும் தொடங்கியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. தொலைபேசி அடித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம், எடுப்பதற்கு முன்.

நேற்று அவள் விழித்திருந்தாள். நான் வந்ததிலிருந்து போகும்வரை ஒரு சொல்லும் இல்லை. நேரம் முடிந்தது என்று சொல்ல வந்தார்கள். எழும்பிக் கட்டிலருகே நின்று, "போட்டு வாறன் பிள்ளை" என்றேன். தினமும் சொல்வது, தினமும் பதிலில்லாமல் போவது.

"ஓம்" என்றாள்.

அது சுகம் வருவதன் அடையாளம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடையாளம் பார்ப்பதை விட்டுவிட்டேன், அல்லது விட முயல்கிறேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்து, என் தரிப்பைத் தாண்டிக் குட்மேய்ஸ் வரை போய்விட்டேன். அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். இன்று பிற்பகல் கதவு திறக்கும்போது போய் நிற்பேன், கையில் ஒன்றும் இல்லாமல்.